லயத்து அடுப்பில் ஈயம் உருக்கலாமா?
(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் பேசியது)



மட்டக்களப்பு வாவியில, தன்னாமுனைப் பக்கம் வீச்சு வலை எறியிறதைப் பார்த்திருப்பீங்க. வலை விரிஞ்சு அடிக்குப் போறது ஓரத்துல கோத்த ஈயக் குண்டாலதான். அங்க சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த நம்ம பையன்கள், காசல்ரீ நீர்த்தேக்கத்துல மீன் பிடிக்க லயத்துலயே ஈயம் வார்க்கிறாங்க. மீன் உருவத்துல தூண்டில் குண்டு செஞ்சு வர்ணமும் பூசுறாங்க. கைவேலை அழகாத்தான் இருக்கு.

ஆனா ஈயம் 327 பாகைச் சூட்டுல உருகிடும், விறகடுப்பே போதும். அதோட புகையும் கசடும் குசினியில, பாயில படியும். தவழுற பிள்ளை அந்தக் கையை வாயில வைக்கும். வயித்துவலி, ரத்தச்சோகை, படிப்புல மந்தம் எல்லாம் சத்தமில்லாம வரும். செனகல் நாட்டுல தியாரோய் என்ற கடற்கரை ஊருல, 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 பிள்ளைகள் செத்தாங்க. பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்தான் காரணம்.

"ரசத்துக்கு ஈயச் சட்டி நல்லதுதானே?"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. அது வெள்ளீயம் ஆத்தா, இது காரீயம்.

உருக்கியே ஆகணும்னா லயத்தை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில, அதுக்குன்னே வச்ச சட்டியில உருக்குங்க. அச்சுல ஈரம் இருந்தா ஈயம் வெடிச்சுக் கண்ணுல தெறிக்கும். பேட்டரியை உடைக்கவே வேணாம். வர்ணம் பூசினா பயமில்லைன்னு நினைக்காதீங்க, கல்லுல உரசினா உரிஞ்சிடும். குண்டைப் பல்லால கடிச்சு நெரிக்கிற பழக்கத்தையும் விடுங்க. உடுப்பு மாத்தி, சோப்புப் போட்டுக் கழுவினபிறகு பிள்ளையைத் தூக்குங்க.

பிள்ளைக்கு அடிக்கடி வயித்துவலின்னா, வீட்டுல ஈயம் உருக்கினதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.