பூட்டிய திரையில் தமிழ் எங்கே?



எனக்கு முன் பேசிய நண்பர், பள்ளிக் கணினிகளைக் கியாஸ்க் முறையில் பூட்டிவிட வேண்டும் என்றார். அவருடைய அச்சம் புரிகிறது. கியாஸ்க் என்றால், ஒரே ஒரு செயலி, பெரும்பாலும் இணைய உலாவி, திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேறெங்கும் போக முடியாது. நூலகத்தில் புத்தகம் தேடவும் மருத்துவமனையில் எண் எடுக்கவும் அது போதும். அங்கே நான் மறுக்கவில்லை.

வகுப்பறைக்கும் அதுதானா?

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பழைய கணினிகளைத் தின் கிளையன்ட்டுகளாக மாற்றினோம். 1999இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்தினோம். மேசைக் கணினிக்கு வன்தட்டுகூடத் தேவையில்லை. இயங்குதளம் வலைப்பின்னல் வழியே வந்து இறங்கும், வேலை சேவையகத்தில் நடக்கும். பிள்ளைகள் கெடுத்துவிடுவார்களோ என்று நாங்களும் பூட்டினோம்.

முதல் வாரமே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், தமிழ் எங்கே?" விசைப்பலகையை மாற்றும் பட்டையும் பூட்டோடு மறைந்துபோயிருந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழ் எழுத முடியாத கணினி! பூட்டியவன் நான்தான், வேறு யாரைக் குறை சொல்வது?

அதைச் சரிசெய்வது எளிது. அமர்வு தொடங்கும்போதே தமிழ் 99ஐயும் ஏற்றி, இரண்டு விசைகளில் மாறும்படி எழுதிவிடலாம். ஆனால் அவள் எழுதியதை எங்கே சேமிப்பாள்? கியாஸ்க்கில் பொதுவாக எல்லாருக்கும் ஒரே கணக்கு. மூடினால் எல்லாம் போய்விடும்படிதான் அதை அமைப்பார்கள்.

பூட்டு இல்லாவிட்டால் கெட்டுப்போகாதா என்கிறார் நண்பர். மாணவர் கணக்குக்கு நிர்வாகி உரிமை கிடையாது, ஐயா. அவள் பின்னணிப் படத்தை மாற்றலாம், சின்னங்களை இடம் மாற்றலாம். எல்லாம் அவளுடைய அமர்வுக்குள்தான். பக்கத்து நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. குழம்பினால் அந்த ஒரு கணக்கின் அமைப்பை மட்டும் பழையபடி ஆக்கிவிடலாம். உண்மையான கவலை சேவையகத்தின் நினைவகம்தான். ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் நுழைந்தால் திணறும். அதனால் கனமான மேசைத்தளத்தை விட்டு, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளியதைத் தேர்ந்தெடுத்தோம்.

இன்று வாசலருகே ஒரு கணினி மட்டும் கியாஸ்க்கில் இருக்கிறது, நூலகப் பட்டியலுக்காக. மற்றவற்றில் பிள்ளைகள் தங்கள் பெயரில் நுழைகிறார்கள். அந்த மாணவியின் கோப்புறையில் பாட்டியைப் பற்றிய கட்டுரை ஒன்று பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் முடிப்பாளாம்.

நடுவர் மணியடிக்கிறார்.