மவுஸ் அவர்கள் கையில் இருக்கட்டும்



வீட்டில் அப்பா கம்ப்யூட்டரில் ஒரு சந்தேகம் கேட்டால், "தள்ளுங்கப்பா, நானே பண்ணித் தர்றேன்" என்று மவுஸைப் பிடுங்குகிறோம். அதோடு பாடம் முடிந்தது! பெரியவர்களில் பலர் அந்தக் காலத்திலேயே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை நமக்குச் சரி. அவர்கள் விரலில் ஊறியது பழைய தட்டச்சு முறை. 'அழகி' மென்பொருளில் அதுவும் உண்டு. போட்டுக் கொடுத்துப் பாருங்கள், நம்மைவிட வேகமாக அடிப்பார்கள்.

பேங்க் விஷயம்தான் பயம். நாளைக்கு எவனோ போனில், "நானே பண்ணித் தர்றேன் சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்பான். நாம் பழக்கிய பழக்கம், அப்பாவும் சொல்லிவிடுவார். அந்த மெசேஜை அவரே முழுசாகப் படிக்கட்டும். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதிலேயே இங்கிலீஷில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும்.