சொல்லாமல் விட்டதைக் கணினி எப்படி அறியும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கணினி சம்பந்தப்பட்டது. நான் படித்ததோ மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. ஆனாலும் துணிந்து பேச வந்திருக்கிறேன். காரணம், இது நிரல் எழுதும் சிக்கல் அல்ல; தெளிவாகச் சொல்லும் சிக்கல்.

நம் ஊர் ஒட்டுக்கடையில் 'தே' என்றால் பால் கலந்த இனிப்புத் தேநீர் வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதலாளி இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பார். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நீரிழிவு நோயாளியின் மேசைக்குச் சீனி போட்ட தேநீர் போய்ச் சேரும்.

இன்று அந்தப் புதிய வேலையாளின் இடத்தில் செயற்கை நுண்ணறிவு முகவர் வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை எடுக்கவும், மாற்றவும், பணத்தைத் திருப்பித் தரவும் அதைப் பழக்குகிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? நாம் அதற்குச் சில கருவிகளைக் கொடுக்கிறோம். 'ஆர்டரைத் தேடு', 'ஆர்டரை மாற்று', 'ஆர்டரை ரத்து செய்' என்பவை போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது கேட்கும் விவரங்கள் உண்டு. வாடிக்கையாளர் எழுதியதைப் படித்து, எந்தக் கருவியை இயக்குவது என்று முகவர் முடிவு செய்யும். ஓப்பன்ஏஐ நிறுவனம் இத்தகைய வசதியை 2023 ஜூனில் வெளியிட்டது. கருவிகளை இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் நிரலை முகவர் பொதுவாகப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய விளக்கத்தைத்தான் பார்க்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ஆர்டரை ரத்து செய்யும்' என்று மூன்றே சொல்லில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓர் அம்மா, "தம்பி, முறுக்கு வேணாம், அதிரசம் மட்டும் போதும்" என்று எழுதுகிறார். 'வேணாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முகவர் மொத்த ஆர்டரையும் ரத்து செய்துவிடலாம் அல்லவா?

அதே விளக்கத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆர்டர் முழுவதையும் ரத்து செய்யும். செய்த பின் மீட்க முடியாது. ஒரு பொருளை மட்டும் நீக்க இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு 'ஆர்டரை மாற்று' கருவி உண்டு. வாடிக்கையாளர் உறுதி சொன்ன பிறகே இயக்கவும்." எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, பின்விளைவு என்ன என்று மூன்றும் வந்துவிட்டன.

அடுத்து, விவரங்கள். 3/4 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை எழுதிவிட வேண்டும். 50 என்றால் ரிங்கிட்டா, சென்னா? 'சைவம்' என்றால் முட்டை சேருமா, வெங்காயம் பூண்டு சேருமா? புரட்டாசி விரதம் இருப்பவர் வீட்டுக்கு முட்டை கலந்த கேக் போனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. தெரியாத விவரத்தை ஊகிக்காமல் வாடிக்கையாளரிடம் கேட்கும்படியும் எழுதுங்கள்.

கருவி தரும் பதிலும் அப்படியே. 'தவறு' என்று மட்டும் சொன்னால் முகவர் தடுமாறும். 'இந்த எண்ணில் ஆர்டர் இல்லை. எண்ணைச் சரிபார்க்கக் கேட்கவும்' என்றால் அதற்கு வழி தெரியும்.

விளக்கம் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. பணம் திருப்பித் தரும் கருவிக்கு உச்ச வரம்பை நிரலிலேயே பூட்டி வைக்க வேண்டும். எழுத்து வழிகாட்டும், பூட்டுதான் தடுக்கும்.

தவறு நடந்தால் யார் பொறுப்பு? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், குடிமைத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏர் கனடாவின் உரையாடல் மென்பொருள், துக்கப் பயணக் கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்திருந்தது. மென்பொருளின் சொல்லுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை. 650.88 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவானது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சிந்திக்க வைக்கிறது. கல்லாவில் இருப்பது மனிதரோ மென்பொருளோ, வாடிக்கையாளருக்கு அது கடையின் வாக்குதான்.

சிறு வணிகம் நடத்தும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையை மென்பொருள் விற்பவரிடம் முழுக்க விட்டுவிடாதீர்கள். கடையை அறிந்தவர் நீங்கள். விளக்கங்களை எழுதி, கடையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் இளைஞரிடம் கொடுங்கள். பழைய வாடிக்கையாளர் செய்திகள் பத்தையும் கொடுத்து, எந்தக் கருவியை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். ஒரு மாலை நேரம் போதும். பண்டிகைக் காலத்தில் அதன் பலன் தெரியும்.