மீனின் வயிற்றில் பிளாஸ்டிக்

கொல்கத்தாவில் குடியேறிய தமிழர்களாகிய நாம் இங்கே முதலிற் கற்றுக்கொள்வது மீன் வாங்கும் வித்தையைத்தான். ஜாதவ்பூர்ச் சந்தையிலே ரோகுவும் கட்லாவும் தொட்டியில் உயிரோடு துள்ளுகின்றன. கடல் மீனையே கண்டு பழகிய நமக்கு அது புதுமை.

அம்மீன்களிற் பல, நகரின் கிழக்கு எல்லையிலுள்ள சதுப்பு நிலங்களில் வளர்ந்தவை. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் 2002-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. நகரத்துக் கழிவுநீர் கால்வாய் வழியே சென்று, 'பேரி' எனப்படும் ஆழமில்லாத ஏரிகளை நிரப்புகிறது. வெயிலும் நுண்ணுயிர்களும் அதனைப் பக்குவப்படுத்த, பாசி தழைக்கிறது. பாசியை மீன் உண்கிறது. மீனை நாம் உண்கிறோம். இயந்திரம் ஏதுமின்றி நடைபெறும் அரிய ஏற்பாடு இது.

ஆயினும், வெயிலுக்கு மசியாத பொருளொன்று இப்பொழுது அந்நீரில் கலந்து வருகிறது. பிளாஸ்டிக்கை வெயில் மக்கச் செய்வதில்லை. நொறுக்க மட்டுமே செய்கிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இச்சதுப்பு நிலத்தில் அதனைக் கண்டிருக்கின்றனர். பைகளும் புட்டிகளும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. நம் வீட்டில் துவைக்கும் பாலியெஸ்டர் சேலையிலிருந்து பிரியும் இழையும் அதே சாக்கடையில்தான் சேர்கிறது. நாம் அலசி விட்டது நம் இலைக்கே திரும்புகிறது!

இதனால் உடலுக்கு நேரும் தீங்கை அளவிடப் போதிய சான்று இல்லையென 2022-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அதற்காக அடுக்களை வாளாவிருக்க வேண்டியதில்லை. துணுக்குகள் பெரும்பாலும் மீனின் இரைப்பையிலும் குடலிலுமே தங்குகின்றன, சதையில் குறைவு. குடலை அகற்றி நன்கு கழுவினால் பெரும்பகுதி நீங்கிவிடும்.

வங்காளத்து அண்டை வீட்டார் குடலோடு ஒட்டிய கொழுப்பையும் வறுத்து உண்பார்கள். ருசி அபாரம், மறுப்பதற்கில்லை. மௌரலா என்னும் பொடிமீனையும் முழுதாகவே பொரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஊரிலிருந்து வரவழைக்கும் நெத்திலிக் கருவாட்டில் நாம் தலையைக் கிள்ளுகிறோமேயன்றி, வயிற்றை எத்தனை பேர் கீறுகிறோம்?

மீன்காரர் அரிவாள்மணையில் நறுக்கும்பொழுதே குடலை முற்றும் எடுத்துவிடச் சொல்லலாம். நறுக்கிய மீனை வாங்கிக்கொள்ள ஒரு தூக்குப் பாத்திரமும் கொண்டு போகலாம். மெல்லிய பிளாஸ்டிக் பையிலே மீனை வாங்கி வந்தோமானால், அடுத்த மழையில் அந்தப் பையும் கால்வாயோடு கிழக்கே போய்விடும்.