‘வரவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு

(சைதாப்பேட்டையில் நடந்த கணினி ஆசிரியர் பயிற்சியில் பேசியது)

எமிஸ் போன்ற இணையதளங்களை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். முழுப் பக்கமும் மாறாமல், கேட்ட விவரத்தை மட்டும் சர்வரிலிருந்து பெறும் முறைக்கு 2005-இல் ‘ஏஜாக்ஸ்’ எனப் பெயரிட்டார்கள். பதில் வரும்வரை நிரல் காத்திருக்காது. அடுத்த வரிக்குப் போய்விடும். எனவே விவரத்தைக் காட்டும் கட்டளை, பதில் வந்தபின் இயங்கும் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்டின் ‘ஃபெட்ச்’, 404, 500 போன்ற பிழைப் பதில்களைத் தோல்வியாகக் கொள்ளாது. நிலை எண்ணை நாம்தான் சரிபார்க்க வேண்டும். தவறினால், வந்து சேராத மதிப்பெண் பூஜ்யமாகத் தெரியலாம். பெற்றோர் பிள்ளையைத்தான் கண்டிப்பார்கள். ‘காத்திருக்கவும்’, ‘தகவல் வரவில்லை’, ‘பதிவு இல்லை’ ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்ட மாணவர்களைப் பழக்குவோம்.