சொந்தக்காலும் கனிவும்

அமெரிக்காவில் சாண்ட்ரா பெம் என்று ஒரு உளவியல் அறிஞர் இருந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை. 1974-ல் 60 குணங்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். 20 ஆணுக்கு, 20 பெண்ணுக்கு, மீதி 20 பொது. ஒவ்வொரு குணமும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காலில் நிற்பது, துணிந்து பேசுவது எல்லாம் ஆண் வரிசை. கனிவு, பரிவு பெண் வரிசை. கூடவே 'எளிதில் ஏமாறுவது' என்பதும் பெண் வரிசையில்தான்! பாவம், அது பெம்மின் கருத்து இல்லை. அன்றைய அமெரிக்கச் சமூகம் யாரிடம் எதை விரும்புகிறது என்று மாணவர்களிடம் கேட்டுத் தொகுத்தது.

அதுவரை ஆண்மையும் பெண்மையும் தராசின் இரண்டு தட்டு மாதிரி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நினைத்தார்கள். பெம் சொன்னது வேறு: இரண்டும் ஒரே ஆளிடம் நிறையவே இருக்கலாம். பிள்ளைக்குத் தலைவாரிவிட்ட கையோடு, வங்கி மேலாளரிடம் கடனுக்கு வாதாடும் பெண்ணை நமக்குத் தெரியாதா?

அப்படி இரண்டும் கலந்தவருக்கே தன்மதிப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பெண்களிடமும் தன்மதிப்போடு அதிகம் ஒட்டி நின்றது அந்த 'ஆண்' வரிசைதான். கனிவின் பங்கு சொற்பம்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. தன்மதிப்பை அளக்க உலகமெங்கும் பயன்படுவது ரோசன்பர்க் என்ற ஆய்வாளர் தந்த 10 வாக்கியங்கள். பத்தும் 'நான், என்னால்' என்றே பேசும். அடுத்தவர் வலி புரிகிறதா என்று அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.