சிலிகா ஏரிக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?



அரையாண்டு விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிலிகா ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள். ஏரி ஒடிசா மாநிலத்தில் இருக்கிறது. ரயிலில் போக வேண்டும். "ஏரியைப் பார்க்க இத்தனை தூரமா? நம்ம ஊரில் ஏரி இல்லையா?" என்று மையத்தில் பல பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பணமும் கட்ட வேண்டும். பிள்ளையையும் பிரிந்து இருக்க வேண்டும். போன வருடம் இதே பயணத்தில் பிள்ளைகளுக்குத் துணையாக நான் போனேன். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

சிலிகா நம் ஊர் ஏரி மாதிரி இல்லை. கரையில் நின்றால் மறுகரை தெரியாது. மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். கோடையில் சுருங்கும். ஒரு பக்கம் மகாநதியின் கிளை ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. இன்னொரு பக்கம் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. கடலும் ஏரியும் சேரும் வாசலுக்கு முகத்துவாரம் என்று பெயர். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இந்த வாசல்தான் அந்த ஏரிக்கு உயிர். ஆறுகள் தண்ணீரோடு வண்டலையும் கொண்டு வந்தன. கடல் மணலைத் தள்ளியது. கொஞ்சம் கொஞ்சமாக வாசல் தூர்ந்து போனது. கடல் தண்ணீர் வருவது குறைந்தது. ஏரியில் உப்பு குறைந்தது. களைச்செடி மண்டியது. கடலிலிருந்து மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வர வழி இல்லை. 1999-2000ஆம் ஆண்டில் ஏரி முழுவதும் சேர்த்துக் கிடைத்த மீன் சுமார் 1,700 டன்தான். ஏரியை நம்பி வாழும் மீனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புது வாசல் திறந்தார்கள். ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. கடல் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. 2001-02இல் மீன் கிட்டத்தட்ட 12,000 டன் கிடைத்தது! ஒரு வாசல் செய்த வேலை இது. இதைப் புத்தகத்தில் நாலு வரியில் படிக்கலாம். படகில் போய் அந்த வாசலைக் கண்ணால் பார்ப்பது வேறு.

சாத்தபடா என்ற ஊரில் படகு ஏறினோம். அங்கே ஒரு வகை டால்பின் இருக்கிறது. தலை உருண்டையாக இருக்கும். மூக்கு நீண்டிருக்காது. தண்ணீருக்கு மேல் முதுகு மட்டும் ஒரு நொடி தெரியும். உடனே முழுகிவிடும். பிள்ளைகள் கத்தினார்கள். படகுக்காரர் "கத்தாதீங்க, வராது" என்று சைகை காட்டினார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. நம் பிள்ளைகளா இது என்று எனக்கே ஆச்சரியம்.

மங்களாஜோடி என்ற கிராமத்தையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து பறவைகள் சிலிகாவுக்கு வருகின்றன. எண்ணிப் பார்த்தால் பத்து லட்சத்துக்கும் மேல் வரும். முன்பு அந்தக் கிராமத்தில் பல பேர் பறவைகளைப் பிடித்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று அவர்களே பறவைகளுக்குக் காவல். படகு தள்ளி, பறவையைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். தூரத்தில் தெரியும் பறவையின் பெயரைக்கூட ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறார்கள்.

அதனால், அனுப்புங்கள் என்றுதான் நான் சொல்வேன். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். "அவள் போய் என்ன செய்யப் போகிறாள்" என்று ஒரு அக்கா சொன்னார். அவர் மகன் போன வருடம் போய் வந்தான். அப்போது அந்தக் கேள்வி வரவில்லை.

ஆனால் கேட்காமல் அனுப்பாதீர்கள். 2024 ஜனவரி 18ஆம் தேதி குஜராத்தில், வதோதரா நகரத்து ஹர்ணி ஏரியில், பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்தது. 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. லைஃப் ஜாக்கெட் என்பது தண்ணீரில் ஆளை மிதக்க வைக்கும் சட்டை. ஒரு சட்டைதானே என்று நினைக்காதீர்கள்.

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரித் தாளில் பிள்ளை காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். இப்போது படியுங்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், கூட வரும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒரு படகில் எத்தனை பேர், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா என்பது தாளில் இல்லை. நான் பார்த்தேன். அதை எழுதித் தரச் சொல்லுங்கள். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பு அல்ல" என்று கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இரண்டு தரம் படியுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் பள்ளியில் இருப்பார். நானும் கூட வருகிறேன். பேச வேண்டியது நீங்கள்.